விமானப்படை ஏவியோனிக்ஸ் வேலையிலிருந்து வெளியே வருகிறவருக்கு: மலையகத்திலேயே அடுத்த வேலையைப் பிடிப்பது எப்படி

விமானப்படையில் ஏவியோனிக்ஸ், அதாவது விமானத்தின் இலத்திரனியல் கருவிகள், பார்த்துவிட்டு வெளியே வரப்போகும் நம் மலையகத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எண்ணிக்கையில் நாம் குறைவுதான், ஆனால் இருக்கிறோம், வெளியே வரும்போது ஒவ்வொருவரும் அதே இரண்டு மூன்று தவறுகளைத் தனித்தனியாகச் செய்து தனித்தனியாகக் கஷ்டப்படுகிறோம். நானும் செய்தேன்.

பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். தியத்தலாவையில் பயிற்சி, ஏக்கலையில் தொழிற்பயிற்சி, அப்புறம் பெரும்பாலான வருடங்கள் போக்குவரத்து விமானங்களின் ரேடியோவும் வழிகாட்டிக் கருவிகளும். வெளியே வந்து முதல் நேர்முகப் பரீட்சைக்குக் கண்டிக்குப் போனேன். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார்கள். பதவியைச் சொன்னேன், ஸ்குவாட்ரன் இலக்கத்தைச் சொன்னேன், விமானத்தின் பெயரைச் சொன்னேன். எதிரே இருந்த மூன்று பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர், "எங்களிடம் பிளேன் இல்லையே தம்பி" என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, என் வேலை என்னவென்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. விளங்க வைக்க வேண்டியவன் நான், அதை நான் செய்யவில்லை.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம். நம்மிடம் வாங்குவதற்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு சாமான்தான் உண்டு: பழுதை ஒழுங்காகத் தேடி, காரணத்தைக் கண்டுபிடித்து, செய்ததை எழுதிக் கையெழுத்து வைக்கும் பழக்கம். அந்தச் சாமான் தேயிலைத் தொழிற்சாலைக்கும் வேண்டும், நீர்மின் நிலையத்துக்கும் வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் வேண்டும். ஆனால் அவர்களுடைய வார்த்தையில் சொன்னால்தான் வாங்குவார்கள்.

வெளியே வருவதற்கு முன்பே செய்ய வேண்டியது

குறைந்தது ஒன்றரை வருடத்துக்கு முன்பே தொடங்குங்கள். முதலில் காகிதம். சேவைச் சான்றிதழ், விடுவிப்புக் கடிதம், ஏக்கலையிலும் மற்ற இடங்களிலும் முடித்த ஒவ்வொரு பாடநெறியின் சான்றிதழ், பாடத்திட்டமும் மணித்தியாலங்களும் போட்ட கடிதம், என்னென்ன வேலைக்குக் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கு இருந்தது என்பதற்கான கடிதம். கடைசி இரண்டும்தான் பிறகு கிடைக்காமல் அலைய வைக்கும். உங்களைத் தெரிந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார், அவருக்குப் பிறகு வந்தவருக்கு உங்களைத் தெரியாது. உள்ளே இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கைந்நூல்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று சிலருக்கு ஆசை வரும். வேண்டாம். 1955-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்க உத்தியோக இரகசியச் சட்டம் வெளியே வந்த பிறகும் உங்களைத் தொடரும். உங்கள் தனிப்பட்ட கொப்பியில் வேறு மாதிரி எழுதி வாருங்கள்: எந்த வகைப் பழுது, எப்படித் தேடினேன், எந்த அளவீட்டுக் கருவி பாவித்தேன், என்ன கற்றுக்கொண்டேன். அலைவரிசை வேண்டாம், வால் இலக்கம் வேண்டாம், ஆயுதத்தோடு சம்பந்தப்பட்ட எதுவுமே வேண்டாம். நேர்முகத்துக்கு அது போதும்.

ஒழுங்காக விடுவிப்பு வாங்காமல் வீட்டுக்கு வந்து நின்றுவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். இடையிடையே பொதுமன்னிப்பு வருகிறது என்று காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், நல்ல கைவேலை தெரிந்தும் காகிதம் இல்லாததால் ஒரு நல்ல கம்பனிக்குள்ளும் போக முடியாமல் இருக்கிறார்கள், பார்க்க மனசு வலிக்கும்.

உங்கள் வேலையை அவர்கள் மொழிக்கு மாற்றுவது

இதற்கு ஒரு வாரம் உட்காருங்கள். சுயவிபரக் கோவையில் விமானத்தின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்தால் போதும், மற்ற எல்லாம் வேலை.

உதாரணத்துக்கு, பிடோ ஸ்டாட்டிக் கசிவுச் சோதனை நீங்கள் எத்தனை தடவை செய்திருப்பீர்கள்? வெளியே அதன் பெயர் அழுத்தக் கருவிகளின் அளவுத்திருத்தமும் குழாய்களின் கசிவுச் சோதனையும். ட்ரான்ஸ்பொண்டர், விஎச்எஃப், ஐஎல்எஸ் பெஞ்ச் சோதனை என்பது வெளியே வானலைக் கருவிகளின் சக்தி, அதிர்வெண், எஸ்டபிள்யூஆர் (அன்டனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்ற அளவு) அளப்பது, கோஆக்சியல் கேபிளில் குறை தேடுவது. ஆட்டோபைலட் பார்த்தவர் மூடிய சுற்றுக் கட்டுப்பாடு பார்த்தவர், பின்னூட்டம் என்றால் என்ன, அலைவு ஏன் வருகிறது, எந்த கெயினைக் குறைத்தால் அடங்கும் என்பது அவருக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். தொழிற்சாலைக்காரர் அதைப் பிஐடி டியூனிங் என்பார்.

தரவு பஸ், அதாவது கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது வயர், அந்த விஷயம் இன்னும் அழகு. 1553 என்ற படை விமானத் தரவு பஸ்ஸைப் பார்த்தவருக்கு ஒரு கட்டுப்படுத்தி கேட்கும், மற்ற முனைகள் கேட்டால் மட்டும் பதில் சொல்லும் என்று தெரியும், வேகம் செக்கனுக்கு ஒரு மெகாபிட். தொழிற்சாலையில் மோட்பஸ் ஆர்டியூ என்று ஒன்று இருக்கிறது, ஆர்எஸ்-485 கம்பி இரண்டில் ஓடுகிறது, 9,600 அல்லது 19,200 பிட் வேகத்தில் சாவகாசமாக. அங்கேயும் ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார். இரண்டு முனையிலும் முடிப்புத் தடை இல்லாவிட்டால் அலை திரும்பி அடிக்கும் என்பதும் அதே கதைதான். முதன்முறை மோட்பஸ் கொப்பியைத் திறந்தபோது பழைய சிநேகிதனைத் தெருவில் கண்டதுபோல இருந்தது எனக்கு.

எண்ணிக்கைகளைப் போடுங்கள். எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள், எத்தனை அளவீட்டுக் கருவிகளின் அளவுத்திருத்தத் திகதிகளைக் கவனித்தீர்கள், திரும்பத் திரும்ப வந்த எந்தப் பழுதை நிரந்தரமாக நிறுத்தினீர்கள். கருவிப் பெட்டியில் ஒரு ஸ்குரூ டிரைவர் குறைந்தால் விமானம் எழும்பாது என்ற ஒழுங்கை விவரித்து எழுதுங்கள், அது நமக்குச் சாதாரணம், வெளியே மிக அரிது. ஒரு முகாமையாளர் என்னை வேலைக்கு எடுத்ததே அந்த ஒரு வரியைப் படித்துத்தான் என்று பிறகு சொன்னார்.

மூன்று மொழியிலும் உங்கள் வேலையைச் சொல்லிப் பழகுங்கள். தொழில்நுட்பச் சொற்கள் நமக்கு ஆங்கிலத்தில் வரும், முகாமில் பேசியது சிங்களம், வீட்டில் தமிழ். அதனால் எந்த மொழியிலும் முழுசாக ஐந்து நிமிடம் பேச வராமல் நிற்கிறோம். வீட்டில் தங்கச்சியையோ மனைவியையோ எதிரில் உட்கார வைத்து, ஒரு பழுதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று முதலில் தமிழில் சொல்லுங்கள். அவர்களுக்கு விளங்கிவிட்டால் மனிதவளக்காரருக்கும் விளங்கும். பிறகு அதையே ஆங்கிலத்தில், சிங்களத்தில்.

மறக்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், இது உயிர் விஷயம்.

நாம் பழகியது 28 வோல்ட் நேர்மின்னோட்டமும் 115 வோல்ட் 400 ஹேர்ட்ஸ் ஆடலோட்டமும். 28 வோல்ட் முனையத்தை விரலால் தொட்டுப் பார்த்த கை நமக்கு. வெளியே 230 வோல்ட், மூன்று கட்டம் என்றால் 400 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், பின்னால் இருக்கும் மின்மாற்றி தள்ளக்கூடிய குறுக்குச் சுற்று ஓட்டம் விமானத்து ஜெனரேட்டரைவிடப் பல மடங்கு. என்னுடைய இரண்டாவது மாதத்தில் காலையில் ஒரு சென்சரின் மில்லிஅம்பியர் அளந்துவிட்டு, மீட்டர் வயரை அந்தத் துளையிலிருந்து மாற்றாமலே, மாலையில் 400 வோல்ட் பலகையில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே வைத்துவிட்டேன். பட்டென்று ஒரு சத்தம். மீட்டருக்குள் இருந்த தரமான பியூஸ்தான் என் கண்ணையும் கையையும் காப்பாற்றியது. மலிவு மீட்டராக இருந்திருந்தால் அது கையிலேயே வெடித்திருக்கும். ஆகவே முதல் சம்பளத்தில் காட் III 600 வோல்ட் என்ற பாதுகாப்புத் தரமாவது இருக்கும் நல்ல மீட்டர் வாங்குங்கள், மின் நிலையத்துக்குப் போகிறவர் காட் IV வாங்குங்கள், அளந்து முடிந்தவுடன் வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் கீழே வைப்பது என்று பழகிக்கொள்ளுங்கள். வேலை செய்யும் சுற்றைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டை தொங்கவிட்டு, பிறகு மின்சாரம் இல்லை என்று அளந்து பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். விமானத்தில் சேர்க்கிட் பிரேக்கரை இழுத்து வளையம் மாட்டினோமே, அதே ஒழுக்கம்தான், இங்கே தவறினால் விலை கூட.

இன்னொன்று, ஷீல்ட் வயர். விமானத்தில் பல கேபிள்களுக்கு வெளிக் கவசத்தை இரண்டு முனையிலும் உடலோடு இணைத்துவிடுவோம், உயர் அதிர்வெண் குறுக்கீட்டுக்கு அதுதான் வழி. தொழிற்சாலையில் வெப்பநிலை சென்சர், 4–20 மில்லிஅம்பியர் சுற்று போன்ற மெதுவான சமிக்ஞைகளுக்குப் பொதுவாக ஒரு முனையில் மட்டும் நிலத்தொடுப்பு. கட்டிடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நில மின்னழுத்தம் வித்தியாசமாக இருக்கும், இரண்டு பக்கமும் கட்டினால் கவசத்துக்குள்ளேயே ஓட்டம் ஓடும். இதை நான் எப்படிக் கற்றேன் என்று கீழே சொல்கிறேன்.

தொலைபேசிக் கோபுரத்துக்குப் போகிறவர் இதையும் மனதில் வைக்கவும்: அங்கே மின்சாரம் மைனஸ் 48 வோல்ட், நிலத்தில் கட்டியிருப்பது பொசிட்டிவ். நம் கை பழகிய விதத்துக்கு நேர் எதிர்.

தேயிலைத் தொழிற்சாலை

வெளியே வந்து மூன்று மாதம் சும்மா இருந்த காலத்தில், பக்கத்துத் தோட்டத்து பெக்டரியில் டீமேக்கராக இருந்த மாமா முறையான ஒருவர் வீட்டுக்கே வந்தார். "தம்பி, நீ பிளேன் பார்த்தவன்தானே, எங்க டிரையரைக் கொஞ்சம் வந்து பாரேன்" என்றார். டிரையரின் வெப்பநிலை காட்டும் எண் குதித்துக்கொண்டே இருந்தது. காய்ந்து வெளியே வரும் தூளில் ஈரம் சுமார் 3 சதவீதத்தில் நிற்க வேண்டும், வெப்பம் ஆடினால் ஒரு தொகுதி தீய்ந்துவிடும், அடுத்தது ஈரமாக வரும். மூன்று தடவை சென்சரை மாற்றிவிட்டார்கள், காசு போனதுதான் மிச்சம்.

நான் உடனே எதையும் கழற்றவில்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, எப்போது குதிக்கிறது என்று நேரத்தோடு எழுதினேன். வாட்டும் தட்டுகளின் பெரிய விசிறியை வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி தொடக்கும் நேரமும் எண் குதிக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. கேபிளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், சென்சர் வயரும் விசிறி மோட்டரின் வயரும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தன, ஷீல்ட் எங்கேயும் இணைக்கப்படாமல் தொங்கியது. நான் விமானப் பழக்கத்தில் இரண்டு முனையிலும் இணைத்தேன். குதிப்பது குறைந்தது, ஆனால் எண் மெதுவாக நகரத் தொடங்கியது. ஒரு முனையைக் கழற்றினேன், சென்சர் வயரைத் தனியே வேறு பாதையில் இழுத்தேன், அடங்கிவிட்டது. செலவு கொஞ்சம் வயரும் கட்டும் பட்டியும்தான். அன்றைக்குச் செய்ததை ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்து, பெரியதுரையிடம் கொடுத்தேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், பக்கத்து மூன்று தோட்டங்களுக்கும் என் பெயர் போனது.

இப்போது பெக்டரிகளில் இருக்கும் இலத்திரனியலைப் பட்டியல் போட்டால் நமக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விசிறிகளுக்கும் ரோலர்களுக்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், டிரையர் கட்டுப்பாடு, ஈரமானி, டிஜிட்டல் தராசு, எல்லாவற்றையும்விட நிறப்பிரிப்பான். அந்த இயந்திரத்துக்குள் தூள் விழும்போது கமரா பார்க்கிறது, தண்டும் நாரும் தெரிந்தால் சின்ன வால்வு திறந்து காற்றால் அதை மட்டும் ஊதித் தள்ளுகிறது. கமரா, விளக்கு, பவர் சப்ளை, வால்வு ஓட்டும் பலகை என்று பார்த்தால் நமக்குப் பழக்கமான குடும்பம். பாதிப் பழுது தேயிலைத் தூசியாலும் காற்றுக் குழாயில் வரும் தண்ணீராலும் வருவது. கொழுந்து கூடுதலாக வரும் மாதங்களில் அது நின்றால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கிறார்கள். நுவரெலியா அல்லது பதுளை மாவட்டத்தில் இருந்துகொண்டு அதே நாளில் போய் நிற்கக்கூடியவருக்கு மதிப்பு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். இயந்திரத்தை இறக்குமதி செய்யும் கம்பனிகளிடம் நேரே போய், மலையகத்துக்கு உங்கள் சேவை ஆளாக என்னை எடுங்கள் என்று கேளுங்கள். விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு தோட்டத்தின் நிரந்தரச் சம்பளத்தை மட்டும் நம்பினால் தொகை உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். நான்கைந்து பெக்டரிகளுக்கு மாதாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதிக்கொள்வதுதான் என் அனுபவத்தில் சரிவந்தது. எழுத்தில் இருக்க வேண்டும்: மாதத்துக்கு எத்தனை வருகை, இரவில் கூப்பிட்டால் என்ன கட்டணம், பொருட்களை யார் வாங்குவது. தெரிந்த ஐயாதானே என்று வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு உறவும் கெடும் காசும் வராது.

தண்ணீர் இருக்கும் இடம்

நம் மலைகளில் தண்ணீரில் ஓடும் மின் நிலையங்கள் எத்தனை என்று நம் ஆட்களே கணக்கெடுத்துப் பார்ப்பதில்லை. 1950-இல் தொடங்கிய லக்ஷபான, 201 மெகாவாட் கொத்மலை, 210 மெகாவாட் விக்டோரியா, தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை, 2024-இல் திறந்த 120 மெகாவாட் உமா ஓயா. இவை பெரியவை, அரச ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்போதுதான் கதவு திறக்கும், வர்த்தமானியையும் பத்திரிகையையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஆனால் தனியாருடைய சிறு நீர்மின் நிலையங்கள், 10 மெகாவாட்டுக்கு உட்பட்டவை, ஆற்றோரமெல்லாம் இருக்கின்றன. அங்கே இரண்டு மூன்று பேர்தான் முறை மாறி நிற்பார்கள், கருவி தெரிந்த ஆள் இருக்க மாட்டார். நம் தாத்தாமார் காலத்தில் தோட்டத்து பெக்டரிகளே ஓடையில் சின்ன டர்பைன் போட்டு ஓடின, பிறகு பொது மின்சாரம் வந்ததும் அவை துருப்பிடித்துப் போயின. அந்த வாய்க்கால்களைச் சின்ன வயதில் தாண்டி விளையாடிய நாம் இன்று அதே தண்ணீருக்குக் காவல் இருக்கலாம் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அங்கே என்ன வேலை? மேலே தண்ணீர் தேங்கும் தொட்டியில் மட்டம் அளக்கும் டிரான்ஸ்மிட்டர், குழாயில் அழுத்தம், டர்பைனின் வேகத்தை அளக்கும் பிக்-அப், வேகத்தைப் பிடிக்கும் கவர்னர், வோல்ட்டேஜைப் பிடிக்கும் ஏவிஆர், பொது வலையமைப்போடு சேர்ப்பதற்கான ஒத்திசைவு, பாதுகாப்பு ரிலேக்கள். வோல்ட்டேஜ், அதிர்வெண், கட்ட வரிசை, கட்டக் கோணம் எல்லாம் பொருந்தினால்தான் பிரேக்கர் மூட வேண்டும், பொருந்தாமல் மூடினால் அச்சே முறுக்கிக்கொள்ளும். நிலையம் நின்றவுடன் ரிலேயில் எழுதியிருக்கும் நிகழ்வுப் பதிவைத் திறந்து எது முதலில் வந்தது என்று மில்லிசெக்கன் வரிசையில் படிக்க வேண்டும். பறப்புத் தரவுப் பதிவைப் படித்த கண்ணுக்கு அது நன்றாகவே வரும். வேறு ஆட்கள் உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார்கள், நாம் முதலில் பதிவைப் படிப்போம், வித்தியாசம் அங்கேதான்.

இடி பற்றி ஒரு வார்த்தை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் மலையில் இடி இறங்கும். மேல் தொட்டியிலிருந்து மின் நிலையம் வரை நீண்டு கிடக்கும் சமிக்ஞை வயர் அதற்கு நல்ல இரை, ஒவ்வொரு பருவத்திலும் மட்டக் கருவி எரிந்து போகும், புதிதாக ஒன்று வாங்கிப் போடுவார்கள். இரண்டு முனையிலும் மின்னெழுச்சித் தடுப்பான் போட்டு, நிலத்தொடுப்பை ஒன்றாக்கி, முடியுமானால் ஃபைபருக்கு மாற்றினால் அந்தச் செலவு நிற்கும். நிலத்தொடுப்பும் பொண்டிங்கும் விமானத்தில் நாம் மில்லிஓம் கணக்கில் அளந்து செய்த வேலை. பாறை நிலத்தில் நல்ல நிலத்தொடுப்பு எடுப்பது கஷ்டம், அதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் தயாராக வீட்டிலேயே ஒரு பழைய சின்ன பிஎல்சி (இயந்திரங்களை ஓட்டும் சிறு தொழிற்சாலைக் கணினி), ஒரு 24 வோல்ட் பவர் சப்ளை, ஒரு அழுத்த டிரான்ஸ்மிட்டர் வாங்கிப் பலகையில் பூட்டுங்கள். பிஎல்சிக்கு நிரல் எழுதும் லடர் வரைபடம் நமக்குப் புதிதல்ல, ரிலே தர்க்கத்தைத்தான் படமாகப் போட்டிருக்கிறார்கள். 4 மில்லிஅம்பியர் என்றால் பூச்சியம், 20 என்றால் உச்சம், 4-க்கும் கீழே தெளிவாக இறங்கினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது கருவி போய்விட்டது, இதைப் பிஎல்சியில் எச்சரிக்கையாக எழுதிப் பழகுங்கள். தினம் இரவு ஒரு மணித்தியாலம், மூன்று மாதம். நேர்முகத்துக்கு அந்தப் பலகையின் படத்தை எடுத்துப் போங்கள்.

கோபுர வேலையைப் பற்றிச் சுருக்கமாக: கேபிள், கனெக்டர், எஸ்டபிள்யூஆர், பற்றரி, ரெக்டிஃபையர், இடி, எல்லாம் தெரிந்த விஷயம். உயரத்தில் ஏறும் பயிற்சியும் சான்றிதழும் இல்லாமல் ஒரு நாளும் ஏறாதீர்கள், ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்தினாலும். ஆஸ்பத்திரிக் கருவிகள் இன்னொரு நல்ல பாதை. கருவி இறக்குமதி செய்யும் கம்பனிகளுக்குக் கண்டி, பேராதனை, பதுளை, நுவரெலியா ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வர ஆள் வேண்டும். கசிவு மின்னோட்டச் சோதனை, அளவுத்திருத்தம், பதிவு, அத்தனையும் விமானத்தைப் போலவே ஒரு உயிர் நம் கையெழுத்தை நம்பியிருக்கும் வேலை. அந்தப் பொறுப்புப் பிடித்தவர் இதற்குப் போகலாம்.

சான்றிதழ்

படையின் சான்றிதழைச் சிவில் ஆட்கள் மதிப்பார்கள், ஆனால் எந்த நிலைக்குச் சமம் என்று தெரியாமல் தடுமாறுவார்கள். அதற்கு என்விகியூ, அதாவது தேசிய தொழிற்தகைமை. வேலையில் கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி ஒன்று, ஆர்பிஎல் என்பார்கள், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் இருக்கிறது. வகுப்பில் மறுபடி போய் உட்காரத் தேவையில்லை, நீங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோவையாகக் கொண்டுபோய், மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும். நிலை 4 எடுத்தால் முழுமையான தொழில் திறன், 5-உம் 6-உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். முன்னே சொன்னேனே, உள்ளே இருக்கும்போதே காகிதம் சேர்க்கச் சொன்னது இதற்கும்தான். மேலே படிக்க நினைப்பவருக்கு இரத்மலானையில் தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் பிராந்திய நிலையம் கண்டியில் உண்டு.

விமானத்தை விட மனம் வராதவருக்கு

இருப்பார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை. வழி நீளம், கட்டுநாயக்காவிலோ வெளிநாட்டிலோ தங்க வேண்டும், அதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். சிவில் விமானத்தில் ஏவியோனிக்ஸுக்கான உரிமம் பி2 எனப்படும், இலங்கையில் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை உரிமம் வழங்குகிறது, வெளிநாட்டில் அதிகம் கேட்பது பார்ட்-66 என்ற ஐரோப்பிய விதிப்படியான உரிமம். பாடங்கள் தனித்தனி மொடியூல்களாக இருக்கும்: கணிதம், பௌதிகம், மின்சாரம், இலத்திரனியல், டிஜிட்டல் முறைகள், மனிதக் காரணிகள், விமானச் சட்டம் என்று. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் முதல் மொடியூல் தொடங்கி எல்லாவற்றையும் 10 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். மின்சாரமும் இலத்திரனியலும் நமக்குச் சுலபம். விழுவது சட்டத்திலும் மனிதக் காரணிகளிலும்தான், ஏனென்றால் படையில் நாம் பழகிய ஒழுங்கு வேறு. அவற்றைக் கடைசிக்கு விடாதீர்கள்.

படையில் செய்த வேலையைப் பார்ட்-66 கணக்கில் எடுத்துக்கொள்கிறது, ஆனால் அது மட்டும் போதாது, பி2-க்குச் சிவில் விமானப் பராமரிப்பில் இன்னும் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். அந்த 12 மாதத்தை எங்கே எடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. சம்பளம் குறைவானாலும் அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்து, செய்த ஒவ்வொரு வேலையையும் பதிவுப் புத்தகத்தில் எழுதிப் பொறுப்பானவரிடம் கையெழுத்து வாங்குங்கள். படை நடத்தும் சிவில் பயணிகள் சேவையான ஹெலிடுவர்ஸ் பக்கம் வேலை செய்த வாய்ப்பு இருந்தால் அதற்கான காகிதத்தையும் தனியாக வாங்கி வையுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று வருபவரைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முன்னாள் படையினருக்கென்றே தேடி வந்து, பாதுகாப்பு வேலை, தொழில்நுட்ப வேலை, பெரிய சம்பளம் என்று சொல்லி இலங்கை ஆட்களை ரஷ்ய உக்ரைன் போர்க்களத்துக்குள் தள்ளிய கதை 2024-இல் நாடு முழுக்கத் தெரியவந்தது, போனவர்களில் பலர் திரும்பவில்லை. விசிட் விசாவில் போகச் சொன்னாலும், ஒப்பந்தம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தாலும், வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டாம் என்றாலும், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கடனை அடைக்க வேறு வழி தேடுவோம்.

முதல் மூன்று மாதம்

சிவில் இடத்தில் உங்கள் பதவி யாருக்கும் தெரியாது, உங்களைவிட வயது குறைந்த ஒரு பொறியியலாளர் வேலை சொல்வார், இருபது வருடமாக அந்த மோட்டரைச் சத்தத்திலேயே அறிந்துவைத்திருக்கும் பெக்டரி பாஸ், அதாவது கைதேர்ந்த மெக்கானிக், ஒருவர் இருப்பார். அந்தப் பாஸிடம் முதல் நாளே போய், "அண்ணே, இந்த மிஷின்ல அடிக்கடி என்ன போகும்?" என்று கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத விஷயம் அவரிடம் இருக்கும். அதிகாரக் குரலில் பேசினால் அவர் வாயே திறக்க மாட்டார்.

வரைபடமே இல்லாத பெட்டிகள் நிறைய இருக்கும். அதைப் பார்த்து அலுத்துக்கொள்ளாமல், ஒரு பெட்டிக்கு ஒரு வரைபடம் என்று நீங்களே வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நான் வரைந்த ஒன்று ஏழு வருடத்துக்குப் பிறகும் அங்கேயே இருக்கிறது, அடுத்து வந்த தம்பி அதன் ஓரத்தில் தான் செய்த மாற்றத்தைத் திகதியோடு எழுதியிருந்தான்.

இன்னும் உள்ளே இருக்கிறவர், அடுத்த விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்குப் பக்கத்து பெக்டரி ஓடாத நாள் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீமேக்கரிடம் அனுமதி கேட்டு, எதையும் தொடாமல், ஒரு மணித்தியாலம் பெட்டிகளைச் சுற்றிப் பாருங்கள். அங்கே இருக்கும் கருவிகளின் பெயர்ப்பலகைகளைக் கொப்பியில் எழுதி எடுத்து வந்து, முகாமில் ஓய்வான இரவுகளில் ஒவ்வொன்றின் கைந்நூலையும் தேடி வாசிக்கத் தொடங்குங்கள்.